பத்தடி பின்னால் ஓடிய சாம்பியன்

“காடே இவரைக் கண்டு நடுங்கும்! பனிமூட்டமே விலகி வழிவிடும்! ஏழு முறை மாநிலச் சாம்பியன், திசைகளின் வேந்தன், குணசீலன் அவர்கள் இதோ புறப்படுகிறார்!”

சங்கத் தலைவர் ஒலிபெருக்கியில் முழங்க முழங்க, திசைகளின் வேந்தன் வரைபடத்தைப் பார்க்காமலே மடித்துப் பைக்குள் திணித்தார். காரணம் அவருக்கு மட்டுமே தெரியும். அவருக்கு வரைபடம் பார்க்க வராது!

ஓரியன்டியரிங் போட்டியில், காட்டுக்குள் மறைத்து வைத்த பத்துக் கொடிகளை வரைபடத்தையும் திசைகாட்டியையும் கொண்டு வரிசையாகக் கண்டுபிடித்துத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருவராக அனுப்புவார்கள். “கடைசியாகக் கிளம்பினால்தான் எனக்கு ராசி” என்று சொல்லி, வழியே தவறாத கொடைக்கானல் மரியதாஸுக்கு அடுத்த இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வார் குணசீலன். ஓடிப்போய் அவனைப் பிடித்துவிட்டால் போதும். பிறகு பத்தடி பின்னால் அந்தச் சிவப்புப் பனியனைப் பார்த்தபடியே ஓடலாம். இருவரும் சேர்ந்து திரும்பினாலும், இரண்டு நிமிடம் பிந்திக் கிளம்பியவருக்குத்தானே கோப்பை!

அன்றும் ஏழாவது கொடிவரை சிவப்பு தெரிந்தது. பிறகு சரசரவென்று பனி இறங்கியது. சிவப்பைக் காணோம்!

“மரியதாஸு!”

புதருக்கு அப்பால் கிளை முறிந்தது. கரிய மலைபோல் ஒரு காட்டெருமை நின்று அவரையே முறைத்தது. குணசீலன் மூச்சை அடக்கினார். அது ஒரு முறை சீறிவிட்டு, ‘இதெல்லாம் ஓர் ஆளா’ என்பதுபோல் திரும்பிப் போனது.

அப்போதுதான் கேட்டது. மூன்று நீண்ட விசில். ஆபத்துக்கான அடையாளம்! மரியதாஸ்தான்! மலை எதிரொலித்ததில் சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. பின்னால் வேறு யாரும் வரப்போவதில்லை. கடைசி ஆளே இவர்தான்.

வாழ்க்கையில் முதல்முறையாக வரைபடத்தைப் படிப்பதற்காக விரித்தார். மரியதாஸ் போனது எட்டாவது கொடியைத் தேடி. அது எங்கே? நீலக்கோடு வளையும் இடத்தில். நீலம் என்றால் ஓடை. நெருங்கி நெருங்கி ஓடும் பழுப்புக் கோடுகள்? ஐயோ, செங்குத்துச் சரிவு! வடக்கு முள்ளுக்கு நேராக வரைபடத்தைத் திருப்பினார். கண்ணை மூடிக்கொண்டு, உட்கார்ந்தபடியே சறுக்கினார்.

ஓடைப் பாறைகளுக்கு நடுவே, கால் முறிந்து கிடந்தான் மரியதாஸ். மேலே எங்கோ மழை. தண்ணீர் அவன் மார்புவரை ஏறியிருந்தது.

“ஏழு வருசமா என் முதுகைப் பாத்துட்டே ஓடி வந்தீங்க. இன்னைக்கு மட்டும் ஏண்ணே லேட்டு?”

குணசீலனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உனக்குத் தெரியுமா?”

“உங்க மூச்சு எருமை மூச்சு மாதிரில்ல கேக்கும்!”

“அப்புறம் ஏண்டா யார்கிட்டயும் சொல்லல?”

“காட்டுல தனியா ஓட எனக்கும் பயம்ணே. பின்னால ஒரு ஆள் வர்றது தெம்பா இருந்துச்சு. மொதல்ல தூக்குங்க, தண்ணி ஏறுது!”

தூக்கினார். முதுகில் சுமந்தார். வலியில் மரியதாஸ் மயங்கிப்போனான். வழி சொல்ல ஆளில்லை! வழுக்கினார், விழுந்தார், இரண்டு முறை வழி தவறினார், பயத்தில் வாய்விட்டே அழுதார். ஆனால் வரைபடத்தை மட்டும் கைவிடவில்லை. மாலைக்குள் புறப்பட்ட மைதானம் தெரிந்தது!

மரியதாஸை ஆம்புலன்ஸில் ஏற்றியதும் குணசீலன் ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். “ஏழு கோப்பையும் அந்தப் பையனோடதுங்க! நான் அவன் பின்னாடியே ஓடினவன்!”

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாருங்கள், எங்கள் சாம்பியனின் தன்னடக்கத்தை!” கைதட்டல் காட்டைப் பிளந்தது.

குணசீலன் நொந்துபோய் நடுவர் மேசைக்குப் போனார். “எழுதியே தர்றேன் சார். ஏழு போட்டியும் ஏமாத்துனது.”

“இன்னைக்கு?”

“இன்னைக்கு நானே வழி கண்டுபிடிச்சு வந்தேன் சார்!”

நடுவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். “எட்டுலேர்ந்து பத்து வரைக்கும் கொடியே தொடல. இன்னைக்குத்தாங்க உங்களத் தகுதி நீக்கம் பண்ணிருக்கு.”

அந்தத் தகுதி நீக்கத் தாளைத்தான் குணசீலன் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார். கோப்பைகள் ஏழும் மரியதாஸ் வீட்டில்.