தகட்டின் கீழ்ப்பாதி

ஸ்காபரோவில் பனி கொட்டிக்கொண்டிருந்த பெப்ரவரியில், ஜெயமலர் இழுத்துத் திறந்த மேசை லாச்சிக்குள் மணல் கிடந்தது. ஒரு பிடி, தாச்சியில் வறுத்ததுபோல் சூடாக. அதன்மேல் தங்கை நிலாணியின் பேர்த்தகடு, ஆமியில் சிப்பாய்களுக்குக் கழுத்தில் போடக் கொடுப்பது. மணலை அள்ளிக் குப்பையில் போட்டாள். அடுத்த நாளும் கிடந்தது.

தகட்டை அங்கே ஒளித்தது ஜெயமலர்தான். இருவரும் நேர்ஸ்மார். ஆப்கான் போர் முடிந்து படைகள் திரும்புகிற நேரம், வளைகுடாவில் புதிதாகத் திறந்த ராணுவ முகாமுக்கு இருவருமே விண்ணப்பித்தார்கள். பிரஷர் கூடுதல் என்று மூத்தவளைக் கழித்துவிட்டார்கள். ஊசி போடப் பழக்கிவிட்டவளுக்கு வீடு, பழகினவளுக்குச் சீருடை. ஜெயமலருக்கு வயிறு பற்றியெரிந்தது.

நடுவில் வெட்டு விழுந்த தகடு அது. போட்டவர் செத்தால் கீழ்ப்பாதியை முறித்து வீட்டுக்கு அனுப்புவார்கள்.

"அக்கா, என்ரை தகட்டைக் கண்டனீங்களே?" போகிற அன்று நிலாணி வீடெல்லாம் தேடினாள்.

"இல்லையே."

அவளுக்கு வேறொன்று கொடுத்தார்கள். இது ஜெயமலருடையதாயிற்று. தினமும் வேலை முடிந்து வந்து, கதவைப் பூட்டி, அதைக் கழுத்தில் போட்டுக் கண்ணாடி முன் நிற்பாள். ஹீற்றர் துவாரத்தால் டீசலும் டெட்டோலும் கலந்த வாடை வரும், சுவருக்குள் எங்கோ ஹெலிகொப்டர் இறங்குவதுபோல் அதிரும், தகடு மெல்லமெல்லச் சூடேறும். பயம்தான். ஆனாலும் கழற்ற மனம் வராது.

ஞாயிறு காலை, தகடு ஜெயமலரின் சட்டைக்குள் இருக்க, ஸ்கைப்பில் நிலாணி வந்தாள். அவளுக்குப் பின்னால் கட்டிலில் வெள்ளைத்துணி மூடிய யாரோ.

"சண்டை முடிஞ்சு எல்லாரும் வீட்டை போகினம், அக்கா. இண்டைக்கு ஒரு பொம்பிளையின்ரை பிரேதம் வந்தது. முகத்தைப் பாத்து ஆரெண்டு சொல்லேலாது. கழுத்திலை, துலைஞ்ச என்ரை தகடு."

"முழுசாவோ?"

"மேல்பாதிதான். மற்றதை முறிச்சு வீட்டை அனுப்பியாச்சாம்."

ஜெயமலர் சட்டைக்குள் கையை விட்டாள்.

சங்கிலி இல்லை. மணல். விரல்களில் அகப்பட்டது கீழ்ப்பாதி மட்டும்.

"நிலா..."

திரையில், துணிக்குள்ளிருந்து வலது கை சரிந்து தொங்கியது. நிலாணி திரும்பினாள். அதைப் பிடித்துத் தூக்கி, பிரேதத்தின் நெஞ்சின்மேல் மடித்து வைத்தாள்.

ஸ்காபரோவில் ஜெயமலரின் வலது கை, விறைத்து, தானாக எழுந்தது. நெஞ்சின்மேல் மடிந்தது.