தச்சு கழியாத கொட்டகை

சுண்ணாம்பில் உழைத்த கையை ஒரே இரவில் தேற்றிவிடக்கூடிய எண்ணெய் உலகத்தில் இல்லை. அமராவதிக்கு இது நன்றாகத் தெரியும். ஆவணி மாதத்தில், பிள்ளை வயிற்றையும் தூக்கிக்கொண்டு, புருஷன் பூசிய காரையைக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றியவள் அவள். ஐப்பசி பிறந்த பிறகும் அவளுடைய உள்ளங்கை வெடிப்புகளில் புளி பட்டால் எரிந்தது. ஆகவே, காலைச் சோற்றுக்கு உட்கார்ந்த உடையப்பன் செம்புநீரை வாங்கிக் கை கழுவியபோது, அவள் கண் அந்தக் கைகளைவிட்டு அகலவில்லை. வெடிப்பு இல்லை. நகக்கண்ணில் வெள்ளை இல்லை. முந்தின நாள் பிற்பகல்வரை கருங்கல்லைப் போலச் சொரசொரத்திருந்த விரல்கள், உரித்த வாழைத்தண்டு போல வழவழவென்று இருந்தன.

"கை எப்படிங்க ஆறுச்சு?" என்று கேட்டாள்.

"எந்தக் கை?" என்றான் அவன். பிறகு சிரித்தான். பிறகு சாப்பிட்டான். இருமவில்லை.

அது அவள் கண்ட இரண்டாவது மாறுதல். ரங்கூனில் லாரிப் பட்டறையில் ஃபிட்டராக இருந்த உடையப்பன், அங்கே ஜப்பான்காரன் குண்டு போடத் தொடங்கியதும் கப்பலேறி, ஒரு கருவிப்பெட்டியோடும் வறட்டு இருமலோடும் மாசி மாதம் அரிமளத்துக்கு வந்து சேர்ந்தான். வந்த நாள் முதல் அந்த இருமல் அவனைவிட்டு நீங்கியதில்லை. சோற்றின் நடுவே இருமுவான், தூக்கத்தில் இருமுவான், இருமி முடித்ததும் தண்ணீர் கேட்பான்.

வந்தவன் சும்மா இருக்கவில்லை. வீட்டை ஒட்டி இடிந்து கிடந்த வண்டிக் கொட்டகையை மோட்டார்ப் பட்டறையாக்கப் போவதாகச் சொன்னான். கொத்தனையும் கூப்பிடவில்லை, ஆசாரியையும் கூப்பிடவில்லை. "இரும்பையே வளைச்ச கை, கல்லுக்கும் மண்ணுக்கும் பயப்படுமா?" என்று கேட்டுவிட்டு, செம்புறாங்கல்லைத் தானே சுமந்து சுவரெழுப்பினான், தானே நிலை செதுக்கி நிறுத்தினான், தானே ஓடு வேய்ந்தான். கடுக்காய் ஊறிய நீரில் சுண்ணாம்பைக் குழைத்து அமராவதி எடுத்துக் கொடுக்க, தானே பூசினான். கொட்டகையின் அகன்ற வாசல் முற்றத்தைப் பார்த்திருந்தது. முற்றத்துக்கு அப்பால் படல். படலுக்கு அப்பால் வண்டிப்பாதை. எல்லாம் முறையாகத்தான் அமைந்தது. முறை தவறியது ஒரே ஓர் இடத்தில்.

புதிதாக எழுந்த எந்தக் கட்டடமும், தச்சு கழிக்கும் வரையில், கட்டியவன் கைக்குத்தான் சொந்தம் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அந்தி நேரத்தில் பூசணிக்காய் வெட்டிப் பலி கொடுத்து, கட்டியவன் கருவிகளை எடுத்துக்கொண்டு திரும்பிப் பாராமல் வெளியேற வேண்டும். அவன் போன பிறகே உடையவன் பால் செம்போடு உள்ளே நுழைய வேண்டும். இதற்காகச் சேவுகன் ஆசாரி, யாரும் அழைக்காமலே, படலைத் திறந்துகொண்டு வந்து நின்றார்.

"ஒடையப்பா, கட்டுனது நீயா இருந்துட்டுப் போ. தச்சு கழிக்கிறது எங்க வேலை. ஒரு சேவலு, ஒரு வேட்டி, வெத்தலை பாக்கு. வேற ஒண்ணும் வேணாம்."

"சேவலு ஒமக்கா, தச்சுக்கா?"

"பாதிப் பாதி. தொடை எனக்கு."

"நான் கட்டுனதை நானே கழிச்சுக்குறேன், ஆசாரியாரே. நீரு வேற எங்கிட்டாச்சும் போயித் தொடையைத் தேடும்."

அவ்வாறே செய்தான். கர்ப்பிணி பலியைப் பார்க்கலாகாது என்பதால், அமராவதி அந்த அந்தியில் பக்கத்து வீட்டு முனியாயியிடம் போய் உட்கார்ந்திருந்தாள். உடையப்பன் தானே பூசணிக்காயை வெட்டி, தானே கருவிப்பெட்டியோடு வெளியேறி, கிணற்றைச் சுற்றி வந்து, பெட்டியை வைத்துவிட்டுப் பால் செம்பை எடுத்துக்கொண்டு, தான் வெளியேறிய அதே வாசல் வழியாகத் தானே உள்ளே நுழைந்தான். அவள் திரும்பி வந்தபோது, குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வீட்டுக்குள் அமைதியாக உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலையில்தான் அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். அன்று முதல் அவன் ஒரு கல்லையும் தொடவில்லை. ஒரு திருகாணியையும் முடுக்கவில்லை. தண்ணீர் என்று கேட்கவேயில்லை. ஊற்றி வைத்த செம்பு ஊற்றியபடியே இருந்தது. இரவில் மல்லாந்து படுத்தவன் விடியும்வரை மல்லாந்தே கிடந்தான். பாயில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. பேச்சு கனிவாக இருந்தது. பார்வைதான் அவள் முகத்துக்கு வராமல் வயிற்றிலேயே தங்கியது.

"உள்ள வந்து பாரேன்" என்பான், கொட்டகைப் பக்கம் தலையை ஆட்டி. "ஒன் கை பட்ட எடம்தானே."

அவள் போகவில்லை. முதற்கரு தங்காமற்போனவள் அவள். இந்தப் பிள்ளைக்காக அவள் தாண்டாத படி எத்தனையோ. அவற்றில் அதுவும் ஒன்றாக இருக்கட்டும் என்று எண்ணினாள். ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. வியாழக்கிழமை அண்ணன் ரத்தினவேல் அன்னவாசலிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவான். தாய்வீட்டுக்குப் போய்ப் பெற்றெடுத்துவிட்டால் போதும். அதுவரைக்கும் பிள்ளை பத்திரம். வியாழன்வரை.

ஆனால் சத்தம் கேட்டது.

கரணையின் சத்தம். ஈரக் காரையை அள்ளிச் சுவரில் அறைந்து, இழுத்து, ஓரத்தில் ஒருமுறை தட்டும் சத்தம். மழைக்கால மத்தியானங்களில், ஓட்டிலிருந்து நீர் சொட்டும் ஓசைக்கு நடுவே, அவளுடைய புருஷன் அவளுக்கு எதிரே உட்கார்ந்து வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிக்கொண்டிருக்கும்போதே, கொட்டகைக்குள்ளிருந்து அது அளவு தவறாமல் வந்தது. அறைதல், இழுத்தல், தட்டல். எப்போதோ காய்ந்திருக்க வேண்டிய சுண்ணாம்பின் பச்சை வாடை முற்றத்தைத் தாண்டி அடுப்படிக்கு வந்து, உலைநீரில் படிந்து, அவள் நாக்கில் கரித்தது. கிணற்றடியில் குழைத்து மிஞ்சியிருந்த காரைக் குவியல் நாளுக்கு நாள் குறைந்தது.

முனியாயிதான் வாய்விட்டுக் கேட்டாள்.

"ஏத்தா அமராவதி, ஒம் புருசன் கொட்டகைக்குக் காரை பூசுறாரா, பொன்னு பூசுறாரா? பொழுது விடிஞ்சா பொழுது போனா ஒரே தட்டு. எங்க வீட்டுச் செவுரு அதிர்ற அதிர்ச்சியில கோழி அடைகாக்க மாட்டேங்குது."

"அவுக வீட்டுக்குள்ளதானே இருக்காக, அக்கா."

"அப்ப தட்டுறது யாரு? நானா?" என்று முனியாயி சிரித்தாள். அமராவதியின் முகத்தைப் பார்த்துவிட்டு, பால் செம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

யாரிடம் சொல்வது? என் புருஷன் கை ஆறிவிட்டது, இருமல் நின்றுவிட்டது, அதனால் பயமாக இருக்கிறது என்று ஒரு பெண் சொன்னால், வேப்பிலைதான் அடிப்பார்கள். கடைசியில் சேவுகன் ஆசாரி பாதையில் போகும்போது படலோரம் நிறுத்திக் கேட்டாள்.

ஆசாரிக்குக் கோபம் இன்னும் தணியவில்லை. "கட்டுனவன் போகணும், உடையவன் வரணும். ரெண்டும் ஒரே ஆளுன்னா எவன் போனான், எவன் வந்தான்? எங்கப்பன் எனக்கு அதைச் சொல்லித் தரலை, ஆத்தா. இப்பிடி ஒரு கூறுகெட்டவன் பொறப்பான்னு அவருக்குத் தெரியுமா?" என்றவர், படலைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தார். கோபம் அடங்கியது. "நீயுமா காரை தொட்டே?"

"உள்செவுரு முழுக்க நாந்தான் இழைச்சேன்."

"கழிச்ச பெறகு உள்ள போனியா?"

"இல்லை."

"போகாதே. ஒங்க அண்ணன் வந்ததும் வண்டியில ஏறு. அதுவரைக்கும் அந்த நெலையைத் தாண்டாதே." அதற்கு மேல் அவர் அங்கே நிற்கவில்லை.

வியாழக்கிழமை வந்தது. அண்ணனும் வந்தான்.

நடுப்பகல்தான், ஆனாலும் வானம் கருத்துக் கவிந்து, முற்றத்தில் அந்தி இறங்கியது போலிருந்தது. வண்டி படலுக்கு வெளியே நின்றது. ரத்தினவேல் பசியோடு சாப்பிட்டான். உடையப்பன் பக்கத்தில் நின்று பணிவாகப் பரிமாறினான்.

"மச்சான் ஊருக்கு வந்து நல்லா மெருகேறிட்டாரு, தாயி" என்றான் அண்ணன். "சீக்கிரம் மூட்டையைக் கட்டு. மழைக்கு முந்திப் புதுக்கோட்டை போயிச் சேர்ந்துட்டா, ராத்திரிக்குச் சின்னம்மா வீடு இருக்கு."

மூட்டை முன்பே கட்டியாயிற்று. கொடியில் ஒரு சேலை மட்டும் கிடந்தது. அதை எடுக்கத்தான் அமராவதி முற்றத்துக்கு வந்தாள். காலையிலிருந்து பிள்ளை ஓயாமல் உதைத்துக்கொண்டிருந்தது. அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம். படலைத் தாண்டிவிட்டால் போதும்.

கரணை நின்றது.

இத்தனை நாள் கேட்ட சத்தத்தைவிட அந்த நிசப்தம் அவளை அதிகமாக உலுக்கியது. பிறகு, கொட்டகைக்குள் யாரோ இருமினார்கள். வறட்டு இருமல். நெஞ்சைப் பிளக்கும், முடிவில் ஒரு கேவலோடு ஓயும், அவள் மாசியிலிருந்து பக்கத்தில் படுத்துக் கேட்ட இருமல்.

"அமரா… தண்ணி."

வீட்டுக்குள் அண்ணனுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தவனின் குரலும் அதே நேரத்தில் கேட்டது. இரண்டும் ஒரே குரல். ஆனால் அமரா என்று அவளை அழைத்தவன் ஒருவன்தான். இந்த நாட்களில் வீட்டுக்குள் இருந்தவன் ஒருமுறைகூட அப்படி அழைக்கவில்லை.

இத்தனை நாள் தண்ணீரில்லாமல்.

அந்த எண்ணம் வந்த பிறகு அவளால் நிற்க முடியவில்லை. கிணற்றடிச் செம்பில் நீர் மொண்டாள். நிலைக்கு வெளியே நின்றாள். தாண்டமாட்டேன், கையை மட்டும் நீட்டுவேன் என்று தனக்குள் ஆணையிட்டுக்கொண்டாள். நீட்டினாள். உள்ளே இருள். இருளுக்குப் பழகிய கண்ணுக்கு, பின்சுவரருகே ஒரு முதுகு தெரிந்தது. முழங்கால்வரை காரை. தோளில் காரை. தலைமயிரில் காரை. வலக்கை மட்டும் மேலும் கீழும் போய்வந்தது.

"இங்கிட்டு வாங்க. வாங்கிக்கங்க" என்றாள்.

முதுகு திரும்பவில்லை. இருமல் மட்டும் வந்தது. கேவல். மறுபடியும் இருமல்.

ஒரு காலைத்தான் வைத்தாள்.

மற்றொன்று எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியாது.

செம்பை அவன் வாயருகே கொண்டுபோனாள். உதடுகள் வெடித்து வெளுத்திருந்தன. இடக்கையால் செம்பைப் பற்றிக் குடித்தான். வலக்கை பூசுவதை நிறுத்தவில்லை. குடித்து முடித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான். அவன் கண்களில் அவள் கண்டது நன்றியன்று.

"ஏன் வந்தே?" என்றான். "ஏன் வந்தே, அமரா?"

"நீங்கதானே கூப்பிட்டீங்க."

"நான் கூப்பிடலையே."

அவள் திரும்பினாள்.

வாசல் குறுகியிருந்தது. இரு புறமும் கல் ஏறியிருந்தது. ஈரக் கல். ஓடினாள். வயிற்றைத் தாங்கி ஓட வேண்டியவள், ஏனோ இலகுவாக ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது வாசல் இல்லை. சுவர் இருந்தது. மார்பளவு உயரத்தில் ஒரு கல் மட்டும் வைக்காமல் விட்ட ஓட்டை. அதன் வழியே முற்றம். கொடி. படல். வண்டி.

"எங்கிட்டுத் தாயி போயிட்டே?" அண்ணனின் குரல்.

"தண்ணி குடிக்கப் போனேண்ணே. வாரேன்."

அவள் பேசவில்லை. அவள் வாய் திறக்கவேயில்லை. அது அவள் குரல்.

முற்றத்தில் ஒருத்தி நடந்துபோனாள். அதே சேலை. அதே கொண்டை. ஒரு கை இடுப்பில். மறு கை வயிற்றின்மேல். நிறைமாத வயிறு. அடி பார்த்து, நிதானமாக நடந்தாள். உடையப்பன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். ரத்தினவேல் கை கொடுத்து ஏற்றினான்.

"பாத்துத் தாயி. பிள்ளை அசையுதா?"

"காலையிலேருந்து ஒரே உதை, அண்ணே."

அமராவதி கத்தினாள். காரை அந்தக் கத்தலைக் குடித்தது.

தன் வயிற்றில் கை வைத்தாள். தட்டையாக இருந்தது. சேலை தளர்ந்து தொங்கியது. உள்ளே அசைவில்லை. பாரமில்லை. ஒன்றுமில்லை.

மாட்டு மணி அசைந்தது. வண்டி நகர்ந்தது. வண்டிக்குள் உட்கார்ந்தவள் ஒருமுறை கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள். தன் வயிற்றை மெதுவாகத் தடவிக்கொண்டாள்.

"அண்ணே!"

மணியோசை தேய்ந்தது. அவள் ஓட்டைக்குள் கையை நுழைக்கப் போனாள், வெளியே நீட்டி ஆட்டுவதற்காக. கை நுழையவில்லை. அது வேறெங்கோ போயிருந்தது. கீழே, காலடியில், குழைத்து வைத்த ஈரத்தில். அது அள்ளியது. உயர்ந்தது. அவள் மற்றொரு கையால் அதைப் பிடித்து இழுத்தாள். மற்றொரு கை ஏற்கெனவே ஒரு கல்லைத் தூக்கியிருந்தது.

கல் ஓட்டையில் சரியாகப் பொருந்தியது. விளிம்பைச் சுற்றி நூலளவு வெளிச்சம் நின்றது. அமராவதியின் விரல்கள் அந்த நூலின்மேல் காரையை அப்பி, ஓரம் பிசகாமல், ஒழுங்காக இழுத்துப் பூசத் தொடங்கின.