ஒரு சீசனுக்கான சிறகு அல்ல

“இல்லங்க, நான் சொல்றது புரியுதா உங்களுக்கு? காத்தடிச்சுக் காட்டுனாத்தான் வாங்குவேன்.”

“இங்கயா? எம்ஆர்டி வாசல்லயா?”

“வாசல்ல எதுக்கு? பக்கத்துலதான் திடல் இருக்கே. பம்ப் கொண்டாந்துருக்கேன்.”

அதீஃப் அப்போதுதான் அவள் தோளில் தொங்கிய நீளமான பம்பைப் பார்த்தான். அதுவரை அவன் எதையும் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதையும் லேசில் நம்பிவிடாத இரண்டு கரிய கண்கள்... அவனையே எடை போட்டு ஓரமாக வைத்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆன்லைனில் பழைய பொருள் விற்கிறவர்கள் சிங்கப்பூரில் இப்படித்தான் சந்திப்பார்கள். ஏதாவது ஒரு ரயில் நிலைய வாசல். பையைக் கொடுப்பார்கள், ஃபோனிலேயே பணம் போகும், “தேங்க்ஸ் லா” என்று ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். அதீஃபும் அப்படி நினைத்துத்தான் பொங்கோலிலிருந்து ரயிலேறி வந்திருந்தான்.

அவன் விற்க வந்தது ஒரு விங். அடியில் ஃபாயில் என்ற நீருக்குள் கிடக்கும் இறக்கைத் தகடு பொருத்திய பலகையில் நின்றுகொண்டு, காற்றடைத்த இந்தச் சிறகை இரண்டு கையிலும் பிடித்தால் போதும். காற்று சரியாக இருந்தால் பலகை தண்ணீரை விட்டு மேலே எழும்பும். அதன் பிறகு அலை இல்லை, சத்தம் இல்லை. பறப்பதுதான்.

வாங்க வந்த ஃபர்சானாவுக்கு அந்தப் பறப்பு வேண்டும். சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் அவளுக்கு வேலை. ஏற்றப்போகும் பெட்டியில் ஒரு நெளிசல் இருந்தாலும் கையெழுத்துப் போடமாட்டாள். “மாப்பிள்ளை ஃபோட்டோவையும் அப்படித்தான் பாக்குறா, எங்க அடிபட்டிருக்குன்னு” என்று அவள் அம்மா ரபியா சொந்தக்காரர்களிடம் புலம்புவதுண்டு. இரண்டு வருஷமாகத் தோழிகளின் விங்கை இரவல் வாங்கி ஓட்டியவள், இப்போது தனக்கென்று ஒன்று தேடுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம். திடல் முழுக்க விடுமுறைத் தொழிலாளர்கள். ஒரு பக்கம் கிரிக்கெட், ஒரு பக்கம் ஊருக்கு வீடியோ கால். நடுவில் இவள் குனிந்து நிமிர்ந்து பம்ப் அடிக்க, தரையில் கிடந்த துணி மெல்ல மெல்ல உடம்பு பெற்று, ஒரு பெரிய நீலச் சிறகாக எழுந்தது.

“என்ன தம்பி, விளம்பரமா?” என்று கேட்டார் ஒருவர்.

“இல்லண்ணே. விக்கிறேன்.”

“அந்தப் பொண்ணு வாங்குற மாதிரி தெரியலையே.”

தெரியவில்லைதான். அவள் துணியை வானத்துக்கு நேராகப் பிடித்து ஓட்டை தேடினாள். வால்வில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தாள். பிறகு முன்பக்கக் குழாயின் தையலில் விரலை வைத்து இஞ்ச் இஞ்ச்சாக நகர்ந்தாள். ஒட்டியிருந்த ஸ்டிக்கர் ஒன்றின் ஓரத்தில் விரல் நின்றது.

“இங்க பிரிச்சுத் தைச்சிருக்கீங்க.”

“நானா? இதுல ரிப்பேரே இல்லங்க. நான்தான் விளம்பரத்துல போட்டிருந்தேனே.”

“மத்த எடமெல்லாம் ரெண்டு வரித் தையல். இங்க மட்டும் ஒரு வரி. நூலே வேற.”

“ரெண்டு சீசன் ஓட்டியிருக்கேன். எனக்குத் தெரியாதா என் விங்க?”

“உங்களுக்கு முன்னாடி யார் கையில இருந்துச்சு?”

அதீஃப் ஸ்டிக்கரின் ஓரத்தை அமுக்கி ஒட்டினான். அவனும் பழசாகத்தான் வாங்கினான். ஆனால் அதை இவளிடம்... இத்தனை பேருக்கு முன்னால்... முடியாது.

“வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. சும்மா குத்தம் கண்டுபிடிக்காதீங்க.”

“வேணாம். நீங்களும் இத எடுத்துக்கிட்டுக் கடலுக்குப் போகாதீங்க. எனக்குப் பல வருஷம் தாங்குறதுதான் வேணும்.”

சொல்லி முடிப்பதற்குள் மழை. சிங்கப்பூர் மழை தூறிக் காட்டி எச்சரிக்கும் வழக்கமில்லாதது. ஒரே கொட்டாகக் கொட்டியது. இருவரும் ஒரே நேரத்தில் ஒரே கைப்பிடியைப் பிடித்துச் சிறகைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். அவள் விரல் மேல் அவன் விரல்... எடுக்கலாம் என்று நினைத்தான். எடுத்தால் சிறகு பறந்துவிடும். எடுக்கவில்லை.

அடுத்த நிமிஷம் விளம்பரமா என்று கேட்டவரும் அவருடைய மூன்று கூட்டாளிகளும் உள்ளே புகுந்துகொண்டார்கள்.

“நல்லா இருக்கு தம்பி. குடையா வித்தாப் போயிடும்.”

ஃபர்சானா சிரித்துவிட்டாள். மழைத்துளி இமையில் நின்று, சிரிப்பில் உடைந்து, கன்னத்தில் இறங்கியது. அதீஃபுக்கு அந்தத் தையல் சமாச்சாரம் முழுக்க மறந்து போனது. ரோஷம் மட்டும் மறக்கவில்லை. மழை விட்டதும் காற்றை இறக்கி, சுருட்டி, “தேங்க்ஸ்” என்று கிளம்பிவிட்டான்.

*

மறுநாள் அவளுக்கு ஒரு குரல் செய்தி வந்தது.

“நான்தான்... அதீஃப். நேத்து விங். அதாவது, உங்கள பொய்யாக்கணும்னு வீட்டு ஹால்ல ஃபுல்லா காத்தடிச்சு பால்கனி வெயில்ல வச்சேன். மத்தியானம் வெடிச்சிருச்சு. பக்கத்து வீட்டுல எல்லாரும் வெளிய ஓடி வந்துட்டாங்க. எங்கம்மா கைல இருந்த ரசம் இப்போ சோஃபால இருக்கு. ஃபோட்டோ அனுப்புறேன். சோஃபா இல்ல, தையல். நீங்க விரல் வச்ச அதே எடம்.”

பிறகு குரல் தாழ்ந்தது.

“கடல்ல வெடிச்சிருந்தா... சரி விடுங்க. புதுசு பாக்கப் போறீங்கன்னா கூட வரேன். எனக்குத் தையல் தெரியாது. ஆனா ஓட்டத் தெரியும்.”

அவள் அதை மூன்று தடவை கேட்டாள். சோஃபாவுக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை வரச் சொன்னாள். கடற்கரைச் சாலையில் ஒரு கடை. அவள் வேலை முடிந்து சீருடையோடு வந்தாள். அவன் அவளுக்கு முன்பே வந்து நின்றான். சுவர் முழுக்கச் சிறகுகள். அவன் போய்த் தொட்டது இறகு மாதிரி லேசான ஒன்று.

“இது சூப்பரா எழும்பும்.”

“சிராய்ச்சா?”

“சிராய்க்காம ஓட்டணும்.”

“நான் விழுவேன். நிறைய விழுவேன். எனக்கு விழுந்தாத் தாங்குறது வேணும்.”

அவள் வேறொன்றை இறக்கினாள். சாம்பல் நிறம், யாரும் திரும்பிப் பார்க்காத மாதிரி. நுனி இரண்டிலும் பலகையில் உரசும் இடத்தில் தடித்த ஒட்டு இருந்தது. தையல் எல்லா இடத்திலும் இரட்டை வரி, மேலே மறைப்புப் பட்டை. துணியில் சின்னச் சின்னக் கட்டம், ஒரு கட்டம் கிழிந்தாலும் அடுத்த கட்டத்தில் கிழிசல் நின்றுவிடும். உள்ளே காற்றுப் பை கெட்டால் தனியாக மாற்றலாம், அந்தப் பை இங்கேயே கிடைக்கும்.

“இதையே ஜன்னல் இல்லாததா எடுக்கலாம்” என்றாள். விங்கின் நடுவே இருக்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்கைத்தான் சொன்னாள். “வெயில்ல அதுதான் முதல்ல விறைச்சு வெடிக்கும்.”

“வேணாம். ஜன்னல் இருக்கட்டும்.”

“ஏன்?”

“சாங்கிப் பக்கம் படகு ஓயாது. எதிர்ல வர்றது தெரியாமப் போய் முட்டினா விங் தாங்கும். நீங்க தாங்க மாட்டீங்க.”

அவள் யோசித்தாள். அவன் காதலோடு எல்லாம் சொல்லவில்லை, எரிச்சலோடுதான் சொன்னான். அதுதான் அவளுக்குப் பிடித்தது.

“சரி. ஜன்னலோட.”

“அப்புறம், விங்க சாகடிக்கிறது கடல் இல்லங்க, கரை. வெயில்ல படபடன்னு அடிக்க விட்டுட்டு மைலோ குடிக்கப் போவாங்க பாருங்க... அங்கதான் துணி செத்துப்போகுது. கார்லயும் வெயில்ல விடாதீங்க. நல்ல தண்ணில கழுவி நிழல்ல காய வைங்க.”

“அப்ப ரொம்ப வருஷம் வருமா?”

“நீங்க பாத்துக்கிட்டா வரும்.”

பில் போட்டு வெளியே வந்ததும், கடலைப் பார்த்தபடி அவள் சொன்னாள். “சனிக்கிழமை என்னைப் பொண்ணு பாக்க வராங்க.”

அதீஃப் நடையை நிறுத்தினான்.

“கல்யாணத்துக்கு அப்புறம் கடல் வேணாம்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லிட்டாங்களாம். அத்தாவும் சரின்னுட்டாரு. இந்த வாரம் முழுக்க வெயில்ல போகாதே, கருத்துப் போயிட்டேங்கிறாங்க அம்மா.”

அவன் என்னென்னவோ சொல்லியிருக்கலாம். போகாதே என்று... ஏன் என்று... ஆனால் வாயில் வந்தது இதுதான்.

“அப்ப எதுக்கு இவ்வளவு பாத்து வாங்குனீங்க? ஒரு சீசனுக்கு அந்த லேசானதே போதுமே.”

அவள் முகம் மாறியது. கோபம் கூட இல்லை. அதைவிடத் தூரமான ஒன்று.

“ஒரு சீசன்னு எங்க வீட்டுலதான் சொல்றாங்கன்னு நெனச்சேன். நீங்களுமா?”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். அவன் கூப்பிடவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அந்த வாரம் முழுக்க ஃபோனை எடுப்பதும், எழுதுவதும், அழிப்பதுமாக இருந்தான். அவளும் அப்படித்தான் இருந்தாள் என்று அவனுக்குத் தெரியாது.

*

சனிக்கிழமை மத்தியானம் காற்று வந்தது. வடகிழக்குப் பருவக்காற்றின் கடைசிக் காற்று. இதை விட்டால் இனி வருஷக் கடைசிதான்.

ஃபர்சானா விங்கையும் பலகையையும் எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். அவள் ‘அத்தா’ என்று கூப்பிடும் அப்பா ஜலாலுதீன் புது மேசைவிரிப்பை நேர் செய்துகொண்டிருந்தார்.

“காத்து வந்துருச்சு அத்தா. போயிட்டு வந்துடுறேன்.”

“இன்னைக்கா? அவங்க வந்துருவாங்களேம்மா.”

“வந்தா, கடலுக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க. தலைவலின்னு பொய் மட்டும் சொல்லாதீங்க.”

“கருத்து வந்து நிப்பியா அவங்க முன்னாடி?”

“நான் இந்த நிறம்தான் அத்தா. வெயில் படுற எடத்துலதான் நான் இருப்பேன். அவங்களுக்கு இன்னைக்கே தெரியட்டும்.”

அவர் மறுபடியும் மேசைவிரிப்பை இழுத்துவிட்டார். அவள் காத்திருக்கவில்லை.

சாங்கிக் கடற்கரையில் விமானங்கள் தலைக்கு மேல் தாழ்ந்து போய்க்கொண்டிருந்தன. கையும் தலையும் மூடிய கறுப்பு நீச்சலுடையில் அவள் மணலில் இறங்கியபோது, மரத்தடியில் அதீஃப் நின்றிருந்தான். கையில் விங் இல்லை. அவன் விங் வெடித்தாயிற்றே.

“இங்க என்ன பண்றீங்க?”

“காத்து வந்தா நீங்க வருவீங்கன்னு தெரியும். வேற எதுவும் எனக்குத் தெரியல.”

அவள் மணலில் சிறகை விரித்தாள். காற்றடித்தாள், பலகையோடு இணைக்கும் லீஷ் கயிற்றைக் காலில் கட்டினாள், தண்ணீருக்குள் நடந்தாள்.

முதல் தடவை விழுந்தாள். இரண்டாவது தடவையும் விழுந்தாள், சிறகின் நுனி பலகையில் நறுக்கென்று இடித்தது. கரையில் நின்றவன் பல்லைக் கடித்தான். ஒன்றும் கிழியவில்லை. மூன்றாம் தடவை சாம்பல் சிறகு காற்றை அள்ளிக்கொண்டது... பலகை எழும்பியது... தண்ணீர் அவளை விட்டுவிட்டது. கடலுக்கு மேலே, யாருடைய கைக்கும் எட்டாத உயரத்தில், அவள் போய்க்கொண்டே இருந்தாள். எதிரே வந்த படகை ஜன்னல் வழியாகப் பார்த்து, அழகாக வளைந்து திரும்பினாள். அதீஃபின் கண் நனைந்தது. உப்புக் காற்றென்று சொல்லிக்கொள்ளலாம்.

அவள் கரையேறியதும் அவன் தண்ணீருக்குள் போய்ப் பலகையைத் தூக்கிக்கொண்டான்.

“அன்னைக்கு நான் சொன்னது தப்பு. வயிறு எரிஞ்சுச்சு, அதான்.”

“எதுக்கு எரியணும்?”

“அவங்க உன்னப் பாக்க வராங்கன்னு.”

‘உன்ன’ என்று சொன்னதை அவனே கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

“சரி, நீங்கன்னா என்ன சொல்வீங்க? கல்யாணத்துக்கு அப்புறம் கடலுக்குப் போகலாம், நான் விடுறேன்னா?”

“விடுறதுக்கு நான் யாரு? காத்து இருந்தா நீ போகப் போற. நானும் கூட வரட்டுமான்னு கேக்கத்தான் வந்தேன்... எல்லா வருஷமும்.”

அவள் கண்கள் அவனை மறுபடியும் எடை போட்டன. இந்தத் தடவை ஓரமாக வைக்கவில்லை. ஈரக் கைவிரல் ஒன்று மெதுவாக வந்து, பலகையைப் பிடித்திருந்த அவன் விரலின் மேல் உட்கார்ந்தது.

“வா” என்றாள்.

பையில் ஃபோன் அடித்தது. அத்தா.

“எங்கம்மா இருக்கே? அவங்க வந்து உக்காந்துருக்காங்க.”

“சாங்கியில அத்தா. இப்பத்தான் கரைக்கு வந்தேன். அவங்களக் காக்க வைக்காதீங்க, பாவம். டீ குடுங்க, நானே மன்னிப்புக் கேட்டதா சொல்லுங்க. கடலை விடச் சொல்ற வீட்டுக்கு நான் போகல.”

“ஃபர்சானா...”

“இன்னொண்ணு. நான் ஒருத்தரைப் பாத்துட்டேன். பேரு அதீஃப், பொங்கோல்ல வீடு. எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. இப்ப என் பக்கத்துலதான் நிக்கிறாரு.”

தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கிப் போய் மறைந்தது. அவள் ஃபோனை இறக்கவில்லை. கண்ணையும் தாழ்த்தவில்லை.

கடைசியில் அத்தா கேட்டார்.

“அந்தப் பையனுக்கு நீச்சல் தெரியுமா?”

அவ்வளவுதான். கட் செய்துவிட்டார்.

சம்மதம் என்கிறான் அதீஃப். கோபம் என்கிறாள் ஃபர்சானா, ஆனால் சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வருகிறது. இருவரும் இன்னும் அந்தக் கரையில் நின்று இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்... நீங்கள் சொல்லுங்களேன், அத்தா எந்தக் குரலில் அதைக் கேட்டிருப்பார்?