நேராக விழாத தாரை

நடுத்தாரை நேராக விழவில்லை.

முடியளவு சாய்வுதான். வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஜன்னலே இல்லாத அந்தச் சின்ன அறையில், குளிரூட்டியின் ரீங்காரத்துக்கும் கிருமிநாசினியின் காட்டமான வாடைக்கும் நடுவே, உயிரணு பிரிக்கும் மெஷினில் லேசரின் நீலப் புள்ளி கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் நிற்க, உப்புநீர் நூலாக இறங்கி, அதிர்வில் அறுந்து, சொட்டுச் சொட்டாகப் பிரிந்து விழுவதைப் பார்த்துப் பார்த்தே அவள் கண் பழகியிருந்தது. லேசர் அடையாளம் காட்டும் உயிரணு எந்தச் சொட்டில் இருக்கிறதோ, அந்தச் சொட்டுக்கு மட்டும் நூலிலிருந்து அறுபடும் கணத்தில் மின்னேற்றம் கிடைக்கும். இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே விழும்போது அது இடப்பக்கம் இழுபட்டுக் குழாய்க்குள் போய்ச் சேரும். மற்றவை நடுத்தாரையாக நேரே கீழே, கழிவுக்கு. அந்தக் கணம் சற்றே பிசகினாலும் மின்னேற்றம் பக்கத்துச் சொட்டுக்குப் போய்விடும். வேண்டியது கழிவுக்குப் போகும், வேண்டாதது குழாய்க்குள் வரும்.

அந்தப் பிசகைக் குறைப்பதுதான் அவளுடைய வேலை. அக்கா கொடுத்த வேலை.

போன வருஷம் அவள் வயிற்றிலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் அக்காதான் கவனித்துக்கொண்டாள். அறுவை அறைக் கதவு வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். உடம்பு தேறியதும், "வீட்ல சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்தா பைத்தியம்தான் பிடிக்கும் சிட்டு. என் லேபுக்கு வா. உனக்குத் தெரிஞ்ச மெஷின்தானே," என்று கூட்டிக்கொண்டு வந்தாள். இப்படி ஒரு அக்கா யாருக்கு வாய்க்கும் என்று அவள் எத்தனையோ தடவை நினைத்ததுண்டு.

இன்று விடுமுறை. அக்கா அவசரமாக ஒரு சாம்பிளைக் கொடுத்திருந்தாள். யாரோ நோயாளியுடையதாம், அபூர்வமானதாம். வேறு யாரும் தொடக்கூடாதாம்.

அவள் தாரை இறங்கும் முனையைக் கழற்றிக் கழுவி மாட்டினாள். அழுத்தத்தைச் சரிபார்த்தாள். தன் கோட்டில்தான் நிலைமின்சாரமோ என்று அதையும் கழற்றி நாற்காலியில் போட்டாள். பரிசோதனைக்கென்று வைத்திருக்கும் பிளாஸ்டிக் மணிகளை ஓட்டினாள். தாரை தூக்குக்குண்டு கட்டியது போல நேராக விழுந்தது. மறுபடி சாம்பிளைப் போட்டாள்.

சாய்ந்தது.

குழாயில் சேர்ந்ததில் கொஞ்சம் எடுத்துத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். எவ்வளவு நுணுக்கமாகச் சரிசெய்தாலும் ஒன்றிரண்டு தப்பானவை கலந்திருக்கும். எல்லா மெஷினிலும் அப்படித்தான். இதில் ஒன்றுகூட இல்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்.

எதற்கோ, ஏனென்று தெரியாமலே, தகடுகளின் மின்சாரத்தை அணைத்தாள்.

எல்லாச் சொட்டுகளும் ஒன்றாகக் கீழே விழுந்திருக்க வேண்டும். தாரை பிரிந்தே இருந்தது.

மெஷினைப் பராமரிக்கும் மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

"மணி ஓட்டினா நேரா விழுதா மேடம்? அப்ப மெஷின்ல ஒண்ணுமில்ல."

"கரன்ட் இல்லாமயே பிரியுதுங்க."

"உங்களுக்கு முன்ன இருந்தவர்கிட்ட இந்த சாம்பிள் பிரியவே இல்லையே. மனுஷன் அழாத குறை. நான் எத்தனை தடவை வந்து பாத்திருக்கேன்! பெரிய டாக்டர்தான், மெஷினை விடுங்க, ஆளை மாத்தினா சரியாயிடும்னு சொன்னாங்க. என் தங்கச்சி வரப்போறான்னாங்க."

போனை வைத்தாள். இடப்பக்கம் இருந்த நாற்காலியைத் தரையில் தேய்த்துக்கொண்டே மெஷினின் வலப்பக்கம் நகர்த்தி உட்கார்ந்தாள்.

தாரை மெதுவாக, தூக்கத்தில் புரண்டு படுப்பது போல, வலப்பக்கம் திரும்பியது.

கதவைத் திறந்துகொண்டு அடுத்த அறைக்கு ஓடினாள். வெளியே போக அந்த அறை வழியாகத்தான் போக வேண்டும். உயிரணு வளர்க்கும் அறை அது. வெதுவெதுப்பான பெட்டியின் கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் முன்னால் அக்கா நின்றிருந்தாள். கையில் ரப்பர் உறை.

"எவ்வளவு சுத்தமா வந்திருக்கு?"

"இது யாரோடது அக்கா?"

"உன்னோடது." கடைக்குப் போய் என்ன வாங்கினாய் என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள்.

"கட்டியை எரிச்சாச்சுன்னு சொன்னியே."

"கொஞ்சம் எடுத்து வெச்சேன். சாகவே மாட்டேங்குது சிட்டு. எதைப் போட்டாலும் சாகல. இதை வெச்சு எத்தனை பேர் பிழைப்பாங்கன்னு யோசிச்சுப் பாரு."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நீ கேட்டு நான் என்னைக்கு மாட்டேன்னு சொல்லியிருக்கேன்?"

அக்கா பெட்டிக்குள் வரிசையாக நின்ற குடுவைகளைப் பார்த்தாள். "யார்கிட்டயும் இது ஒத்துழைக்கல. நீ ஆஸ்பத்திரியில செக்கப் முடிச்சுட்டு நேரா என்னைப் பாக்க இங்க வந்தியே, அன்னைக்குத்தான் முதல் தடவையா அசைஞ்சுது. நீ நின்ன பக்கமா."

"அதுக்காகத்தான் எனக்கு வேலை கொடுத்தியா?"

"முதல்ல அதுக்காகத்தான்."

அக்கா கிட்டே வந்தாள். உறையைக் கழற்றிவிட்டு அவள் தலையைக் கோதினாள். அறுவைக்கு முன்னால் கோதியது போலவே. அந்த விரல்களின் சூடு மாறவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். கையைத் தட்டிவிடத் தோன்றவில்லை.

விரல்கள் விலகின. காலடி ஓசை. தாழ்ப்பாள்.

கண்ணைத் திறந்தாள். அக்கா வெளியே இருந்தாள்.

"கொஞ்ச நேரம்தான் சிட்டு." கதவின் வட்டக் கண்ணாடி வழியாக அவள் குரல் மங்கலாகக் கேட்டது. "என்ன பண்ணுதுன்னு பாத்துட்டுத் திறந்துடறேன். பயப்படாதே. உன் உடம்புதானே?"

"அக்கா! கதவைத் திற!"

உள்ளங்கை வலிக்க வலிக்கக் கதவைத் தட்டினாள். அக்கா செல்போனைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தாள். படம் எடுத்தாள். முகத்தில் கோபமில்லை, இரக்கமில்லை, வெறும் கவனம்.

பின்னால் கண்ணாடி ஒன்றோடொன்று உரசும் சத்தம்.

திரும்பினாள். பெட்டி திறந்தே இருந்தது. அக்கா எதையும் மறந்துவிட்டுப் போகிறவள் அல்ல. தட்டுகளில் நின்ற குடுவைகளில் இளஞ்சிவப்புத் திரவம் மட்டமாக இல்லை. எல்லாவற்றிலும் ஒரே பக்கமாக ஏறி நின்றது. அவள் இருந்த பக்கம். சுவரோரமாக நகர்ந்தாள். எல்லாம் நகர்ந்தன. உட்கார்ந்தாள். எல்லாம் தாழ்ந்தன.

காற்று போய்வர வேண்டுமென்று குடுவை மூடிகளை யாரும் முழுக்கத் திருகுவதில்லை.

ஒரு மூடி தரையில் விழுந்து உருண்டது.

அப்புறம் இன்னொன்று.

வயிற்றில் தையல் போட்ட இடம் உள்ளிருந்து இழுத்தது. வலியில்லை. பதில் சொல்வது போல ஒரு இழுப்பு.

தட்டின் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு இறங்கியது. தரையைத் தொட்டது. பரவவில்லை. உருண்டையாகவே நின்றது. பிறகு வந்தது. அதன் பின்னால் ஒன்று. அதன் பின்னால் இன்னொன்று. ஒரே அளவில். ஒரே இடைவெளியில். மேஜைக் காலைச் சுற்றிக்கொண்டு, நாற்காலிக்கு அடியில் நுழைந்து, ஓடு இணையும் பள்ளங்களைத் தாண்டி.

அவள் கால்களை மடக்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

முதல் சொட்டு அவள் பெருவிரலுக்கு முன்னால் நின்றது. வெதுவெதுப்பாக. அதற்குப் பின்னால், அறை முழுக்க, நூல் பிடித்தது போல வரிசை.

ஒன்றுகூட வழி தவறவில்லை.