குமிழித் தடம்

முதல் ஃபிலிம் ரோலைக் கழுவிக் காயப்போட்டபோது எல்லாப் படத்திலும் குமிழித் தடம் விழுந்திருந்தது. ஃபோட்டோ ஸ்டுடியோ வைத்துப் பிழைப்பவளுக்கு அது நம்ப முடியாத விஷயம். மருந்தைச் சாய்வாக, மெதுவாகத்தான் ஊற்றியிருந்தாள். ஃபிலிமில் காற்று ஒட்டாமலிருக்க டப்பாவைத் தரையில் தட்டியும் இருந்தாள். அப்படியும் ஏரித் தண்ணீரின் மேல் வட்டம் வட்டமாகத் தடங்கள். வழக்கமாக அவை சிதறித்தான் கிடக்கும். இவை கீழிருந்து மேலே வரிசையாக ஏறின.

தம்பி ஏரியில் மூழ்கிப்போன அன்று, கரையில் கிடந்த அவன் பையில் இரண்டு ரோல்கள் இருந்தன. உடலைத் தேடியவர்கள் கைவிட்டுவிட்டார்கள். மிச்சம் இருந்தது இன்னொரு ரோல்தான். "அதுலயாவது அவன் முகம் இருக்குமாடி?" என்று அம்மா காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் அந்த ரோலை எடுத்துக்கொண்டு அவள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, கதவிடுக்கில் துண்டு. இந்த முறை மருந்துக்கு முன்னால் ஃபிலிமை வெறும் தண்ணீரில் ஊறவைக்க உத்தேசம். அதற்காக ஒரு வாளித் தண்ணீரைப் பிடித்து, காற்று அடங்கட்டும் என்று விட்டிருந்தாள். வெளியே கணவன் விளக்கை அணைத்தான்.

"நான் கூப்பிடற வரைக்கும் சுவிட்ச் பக்கமே போகாதீங்க."

"கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், போதுமா?"

கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றாயிருந்த இருட்டில், ஃபிலிமின் நுனியைத் தடவித் தடவி ரீலில் ஏற்றத் தொடங்கியபோது, வாளியில் 'குளுக்' என்றது. அடங்காத காற்று என்று நினைத்தாள். பிறகு இன்னொன்று, பிறகு நிற்காமல், யாரோ அடியிலிருந்து மூச்சு விடுவதுபோல, மருந்து வாடையை அமுக்கிக்கொண்டு பாசி வாடை எழும்ப எழும்ப, குமிழிகள் உடைந்துகொண்டே இருந்தன. ஓடிவிடத் தோன்றியது. கதவைத் திறந்தால் ஃபிலிம் பாழ். அம்மா கேட்ட முகமும் பாழ். பல்லைக் கடித்துக்கொண்டு ஃபிலிமைச் சுற்றினாள்.

சத்தம் நின்றது. வாளியிலிருந்து வழிந்த தண்ணீர் அவள் பாதத்தை நனைத்தது.

ரீலை வெளிச்சம் புகாத டப்பாவுக்குள் இறக்கினாள். மூடியைத் தேடினாள். பக்கத்தில்தான் வைத்திருந்தாள். இல்லை. தரையைத் துழாவினாள். இல்லை.

அவள் உள்ளங்கையில் மூடி வந்து அமர்ந்தது.

ஈரமாக. மெதுவாக. யாரோ பத்திரமாக வைத்ததுபோல.

எப்படித் திருகி மூடினாளோ, தெரியாது.

"லைட்டப் போடுங்க!"

"போட்டாச்சு."

இருட்டு.

"ஐயோ, போடுங்களேன்!"

"போட்டுட்டேம்மா. என்னாச்சு? கதவத் தொற."

எழுந்தாள். சுவர். கதவு. தாழ்ப்பாள்.

அதன்மேல் ஏற்கெனவே விரல்கள் இருந்தன. நாள்பட ஊறிச் சுருங்கிய விரல்கள். அவை தாழ்ப்பாளை விட்டு விலகி, அவளுடைய விரல்களுக்கிடையே ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டன.