நிறம் போன பனிக்கட்டி

வில்மா டீட்ஸின் மருந்துக் கடைக்குள் அந்த வெள்ளிக்கிழமை காலை முதலில் நுழைந்தது ஒரு பனிக்கட்டி. அதைத் துணியில் பொதிந்து ஏந்தியபடி பின்னாலேயே ஓபல் வந்தார்.

“வில்மா, இது என்ன நிறம்னு சொல்லு.”

“நிறமே இல்லையே, அக்கா.”

“அதான் கேஸே.”

கேஸ் என்ற சொல் காதில் விழுந்ததும், பெஞ்சில் கடிதங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த கிளெட்டஸ் எழுந்து நின்றான். ஊர்த் தபால்காரன், வில்மாவின் கொழுந்தன். அண்ணன் காலமானதிலிருந்து அண்ணிக்குத் துணையாக இருப்பதாக அவன் சொல்லிக்கொள்வான். அண்ணியின் காபிக்குத் துணையாக இருப்பதாக ஊர் சொல்லும். துப்பறியும் பத்திரிகை எதுவும் அவன் ஒருமுறை படித்து முடிக்காமல் சந்தாதாரர் கைக்குப் போனதில்லை.

எங்கள் லாரல் ஓடைப் பள்ளத்தாக்கில் மூவிலைக்கொடி என்ற நச்சுக்கொடி மேலே பட்டுத் தடித்துக் கொப்புளித்தால் யாரும் டாக்டரிடம் ஓடுவதில்லை. ஓட்ஸ் மாவைத் துணியில் முடிந்து தொட்டித் தண்ணீரில் போட்டுக் குளிப்போம். சமையல் சோடாவைக் குழைத்துப் பூசுவோம். மோரில் உப்பைக் கரைத்துத் தடவிக்கொண்டு, ஈக்களோடு உட்கார்ந்திருப்போம். எதற்கும் அடங்காவிட்டால் ஓபல் வீடு. ஓடையோரத்துக் காட்டுக் காசித்தும்பையைத் தண்டோடு வேகவைத்து, அந்தத் தேன்நிறச் சாற்றைத் தட்டுகளில் ஊற்றி, பின்கட்டுக் குளிர்பெட்டியில் உறைய வைத்திருப்பார். கேட்டவருக்கெல்லாம் கொடுப்பார். வில்மா விற்கும் களிம்பைவிட அதற்குத்தான் மவுசு. வில்மாவுக்கு அதில் வருத்தமில்லை. அரித்தால் அவளும் அங்கேதான் போவாள்.

“பக்கத்து வீட்டு மேவிஸ் நேத்து இதத் திருப்பிக் கொண்டாந்துட்டா. ‘ஓபல், இது வெறும் தண்ணிக்கட்டி, என் முழங்கை இன்னும் எரியுது’ங்கறா. போய்ப் பாத்தா, ஆறு தட்டுல நாலு வெறும் தண்ணி! யாரோ என் கட்டிய எடுத்துட்டு, தண்ணிய ஊத்தி உறைய வெச்சிருக்காங்க.”

“நாய் குரைச்சுதா?” கிளெட்டஸ் குறிப்பேட்டைத் திறந்தான்.

“அதுக்குக் காதும் கேக்காது, கண்ணும் தெரியாது. நீ வந்தாக்கூட அது குரைக்கிறதில்லையே.”

கிளெட்டஸ் ‘நாய்’ என்று எழுதியதை அடித்தான்.

ஓபல் குரலைத் தாழ்த்தினார். “யாருன்னு எனக்குத் தெரியும், வில்மா. என் லோனி வந்திருக்கான்.”

மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்பன் ஹோபர்ட்டோடு சண்டை போட்டுக்கொண்டு, ஒஹையோவுக்கு ஆலை வேலை தேடிப் போன மகன் லோனி. ‘இனி என் வாசல்படிய மிதிக்காதே’ என்று ஹோபர்ட் கத்தியது ஓடைக்கு அக்கரையிலும் கேட்டது.

“எங்க வீட்டு ஆம்பிளைங்களுக்கு மூவிலை ஒட்டவே ஒட்டாது. ஹோபர்ட் வருஷா வருஷம் அதோட கொழுந்த மென்னே தின்னுருவாரு, ஒண்ணும் ஆகாது. லோனிக்கு மட்டும்தான் லேசாப் பட்டாலே மேலெல்லாம் ஊறும். குளிர்பெட்டி எங்க இருக்குன்னும் அவனுக்குத் தெரியும். அப்பனுக்குப் பயந்து மலையில எங்கயோ ஒளிஞ்சிருக்கான். நீ கண்டுபிடிச்சு, அம்மா பீன்ஸும் சோள ரொட்டியும் வெச்சிருக்கா, வீட்டுக்கு வாடான்னு சொல்லிடு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

வில்மா ஒரு சீசாவைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “வீட்டுல வேற ஏதாவது மாறியிருக்கா, அக்கா?”

“என்ன மாறப் போகுது? அவருக்குச் சாமி மேல ஏதோ கோவம். போன ஞாயித்துக்கிழமையிலேருந்து சாப்பாட்டு ஜெபத்துல கோத்துக்கக் கையக் கொடுக்கிறதில்ல. மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. குளிருதாம், முழுக்கைச் சட்டை வேற. மே மாசத்துல குளிரு!”

“அண்ணி சமைச்ச அன்னிக்கு நான் ரெண்டு பக்கமும் கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஜெபம் பண்ணுவேன்,” என்றான் கிளெட்டஸ். யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கு அது பழகிவிட்டது.

ஓபல் போனதும் வில்மா திரும்பினாள். “ஹோபர்ட் அண்ணனுக்குச் சமீபத்துல தபால் ஏதாவது வந்துச்சா?”

“தபால் ரகசியம், அண்ணி. உயிரே போனாலும்... ஒரே ஒரு பார்சல். போன வாரம் வியாழக்கிழமை. ஒஹையோவிலேருந்து. கையெழுத்து வாங்கிக்கிட்டுக் கொடுத்தேன்.”

வில்மா கடையைப் பூட்டிவிட்டு, மூவிலை மண்டிக் கிடக்கும் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளெட்டஸோடு மலையேறினாள்.

வரும் ஞாயிறு, எல்லாக் குடும்பமும் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாள். அதற்காக ஊரே சனிக்கிழமைதான் புல் வெட்ட மேலே வரும். அதனால் மலையுச்சிக் கல்லறைத் தோட்டத்தில் முழங்கால் உயரப் புல் அப்படியே நின்றது. மேல் மூலையில் வேலியே தெரியாமல் மூவிலைக்கொடி மூடியிருந்தது. அதற்கு நடுவில், ஹோபர்ட் குடும்பத்து இடத்தில் மட்டும், ஒரு சின்னச் சதுரம் வேரோடு சுத்தமாகியிருந்தது. மண்ணை யாரோ உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமன்செய்திருந்தார்கள். கல் இல்லை, பெயர் இல்லை.

“லோனி எதையோ புதைச்சு வெச்சிருக்கான்!” கிளெட்டஸ் துள்ளினான். “தோண்டலாமா?”

“கிளெட்டஸ், அந்தப் பார்சல் எவ்வளவு பெரிசு?”

இரண்டு கைகளையும் விரித்து அளவு காட்டினான். காட்டிய கைகளுக்கு நடுவில் அந்தச் சதுரம் கச்சிதமாக அடங்கியது. கைகளை மடக்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று.

“அதைக் கொடுக்கும்போது, ‘என்னண்ணே, ஒஹையோக்காரன் செங்கல் அனுப்பியிருக்கானா’ன்னு கேட்டேன் அண்ணி. அவரும் சிரிச்சாரே.”

மதியம் ஓபலின் சமையலறையில் நால்வரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஹோபர்ட்டின் கைகள் மடியில் இருந்தன.

“கேட்டா சும்மா கிடைக்கிறத யாரும் திருட மாட்டாங்க,” என்று தொடங்கினாள் வில்மா. “அப்போ, எடுத்த ஆளு மறைக்கிறது கட்டிய இல்ல, அரிப்ப. அதுவும் உங்ககிட்டேருந்துதான், அக்கா. இதுவரைக்கும் லோனின்னே சொல்லலாம். ஆனா தண்ணி ஊத்தி வெச்சது? ஒளிஞ்சு திரியறவன் தட்டக் காலியா போட்டுட்டு ஓடுவான். மறுநாளும் உங்க முகத்தப் பாக்க வேண்டிய ஆளுதான் அத நிரப்பி வெப்பாங்க.”

ஓபல் சிரித்தே விட்டார். “இவரா? இவருக்குத்தான் ஒட்டாதே!”

“நாப்பது வருஷம் ஒட்டாது. நாப்பத்தோராவது வருஷம் ஒட்டும். எத்தனையோ பேரக் கடையில பாத்துட்டேன், ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. வியாழக்கிழமை பார்சல். அன்னிக்கே மேல போய்க் கொடி பிடுங்கியிருக்காரு. மூவிலை உடனே காட்டாது, ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் கிளம்பும். ஞாயித்துக்கிழமை கையக் கொடுக்கல. சாமி மேல கோவமில்ல அக்கா. கொப்புளத்துத் தண்ணி பட்டா அடுத்தவங்களுக்கு ஒட்டும்னு நம்ம ஊருல ஒரு நம்பிக்கை. பொய்யி. ஆனா உங்களுக்கு ஒட்டிடக் கூடாதுன்னு பயந்திருக்காரு. சட்டைய மடக்குங்க, அண்ணே.”

ஹோபர்ட் மடக்கினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கோடு கோடாகக் கொப்புளம்.

“பார்சல்ல இருந்தது என்னன்னு நான் சொல்லக் கூடாது,” என்றாள் வில்மா. “நீங்கதான் சொல்லணும்.”

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “குளிர்காலத்துல நெஞ்சுல சளி கட்டிக்கிச்சாம். அவன் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா எழுதியிருந்தாங்க. விலாசம் தேடிக் கண்டுபிடிக்க அவங்களுக்கு இவ்வளவு நாளாச்சு. சாம்பல்தான் வந்துச்சு, ஓபல். வாசல்படி மிதிக்காதேன்னு நான்தான சொன்னேன்... பெட்டியத் தூக்கிக்கிட்டு அந்த வாசல்ல நின்னேன். உள்ள காலெடுத்து வெக்க முடியல. அப்படியே மலைக்குக் கொண்டு போயிட்டேன். பூ வைக்கிற அன்னிக்குச் சொல்லிடலாம்னு இருந்தேன். சொல்லியிருப்பேனான்னு எனக்கே தெரியல.”

ஓபல் எழவில்லை, அழவில்லை. மேசைவிரிப்பின் ஒரு சுருக்கத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

“வியாழக்கிழமை நான் வீட்டுலதான் இருந்தேன்,” என்றார். “பின்னாடி துணி காயப் போட்டுக்கிட்டிருந்தேன். ஒரு குரல் கொடுத்திருக்கலாம்.”

பிறகு கிளெட்டஸின் பக்கம் திரும்பினார்.

“நீதான அவனத் தூக்கிட்டு வந்தே?”

கிளெட்டஸ் தொப்பியைக் கழற்றித் தலையை ஆட்டினான்.

“எவ்வளவு கனம் இருந்தான்?”

எந்தக் கேள்விக்கும் ஒரு கேலியைத் தயாராக வைத்திருப்பவன் அண்ணியைப் பார்த்தான். வில்மா அவனுக்கு உதவிக்கு வரவில்லை.

“ஏழு பவுண்டு, அக்கா. ஏழு பவுண்டு மூணு அவுன்ஸ். சீட்டுல போட்டிருந்துச்சு.”

ஓபல் அதை மனதுக்குள் ஒருமுறை நிறுத்துப் பார்த்தார்.

“பொறந்தப்பவே எட்டு பவுண்டு இருந்தான்,” என்றார். “இளைச்சுல்ல போயிட்டான்.”