சி.டி.க்கு வைத்த பொட்டு

"மதி... சாம்பாருக்கு உப்பு போட்டியாடி, இல்ல அதுவும் மறந்துட்டியா?"

கூடத்திலிருந்து மாமியார் வேம்புலியம்மாளின் குரல் வந்ததும், மதிவதனியின் கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்தது. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. உப்பு போட்டோமா இல்லையா என்றே அவளுக்கு நினைவில்லை. காது முழுக்க வாசலில்தான் இருந்தது. கொழுந்தன் சரண் திருநின்றவூரிலிருந்து சி.டி. பிளேயரோடு கிளம்பிவிட்டானாம். அவன் வந்ததும் சி.டி.யைப் போடுவார்கள். போட்டால்... அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் தைரியமில்லை.

அன்று மாமனார் கோதண்டத்துக்கு ஏழாவது வருஷப் படையல். சென்னை பாடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் லேத் மெஷின் ஓட்டியவர் அவர். வீட்டில் 'சோறு போடு', 'விளக்க அணை' என்பதற்கு மேல் வாயைத் திறக்காத மனுஷன், ரிட்டையர் ஆன அன்று கேன்டீனில் மைக்கைப் பிடித்து ஆறு நிமிஷம் பேசினார்! கூட வேலை பார்த்த யாரோ ஒரு புண்ணியவான் அதைப் பதிவு செய்து ஒரு சி.டி.யில் போட்டுக் கொடுத்தார்.

கோதண்டம் இறந்தபோது வேம்புலியம்மாள் படுத்த படுக்கையானாள். மூன்று மாதம் பேச்சில்லை. ஒரு வாய் கஞ்சி இறங்குவதற்குள் மதிவதனிக்கு உயிர் போய் உயிர் வரும். ராத்திரி பகல் பார்க்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்து, மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தவள் அவள்தான். ஒருநாள் சரண் அந்த சி.டி.யைத் தேடி எடுத்துப் போட்டான். பேச்சின் கடைசியில் கோதண்டம் சொன்ன அந்த வார்த்தைகளைக் கேட்டதும் வேம்புலியம்மாள் எழுந்து உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பிறகு கஞ்சி கேட்டாள்.

அதிலிருந்து வருஷத்துக்கு ஒரு தரம், காக்காவுக்குச் சோறு வைக்கும் முன்னால் அந்தக் குரலைக் கேட்பது அந்த வீட்டின் வழக்கமாகிவிட்டது. அதற்கு மேல் வேம்புலியம்மாள் போட விடமாட்டாள். "தெனிக்கும் போட்டா தேஞ்சிடும்டா!" இன்னொரு காப்பி எடுத்து வைக்கலாம் என்று பெரியவன் அருள் கேட்டதற்கும் அப்படித்தான். "நைனாவுக்கு நகல் எடுக்கிறியா? மனுசனுக்கு ஒரே கொரல்தான்டா!" மற்ற நாளெல்லாம் சி.டி. மஞ்சள் துணியில் சுற்றி சாமி அலமாரியில் இருக்கும். அமாவாசைக்கு அமாவாசை அவளே அதை எடுத்து, காய்ந்துபோன பழைய பொட்டை நகத்தால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, மஞ்சள் குழைத்துக் குங்குமம் வைப்பாள். ஆறு வருஷமாக, ஒரு அமாவாசை தவறாமல்!

நாலு மாதத்துக்கு முன்னால் மதிவதனி அந்த அலமாரியைத் துடைத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் சி.டி.யைத் தூக்கிப் பார்த்தாள். நடு ஓட்டையை ஒட்டி ஓரிடத்தில் வெளிச்சம் ஊடுருவி வந்தது!

வேறு யாராவது என்றால் ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் மதிவதனிக்கு அதுதானே தொழில். ஆவடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஞானசேகரன் அனுப்பும் கல்யாண டிஸ்குகளுக்கு வீட்டிலேயே வட்ட ஸ்டிக்கர் ஒட்டி, பேர் எழுதி, பூ வரைந்து கொடுக்கிறாள். இப்போதெல்லாம் பென்டிரைவ்தான் என்றாலும், ஆல்பத்தோடு டிஸ்க் இருந்தே தீரவேண்டும் என்கிற பெண் வீட்டார் இன்னும் இருக்கிறார்கள். ஞானசேகரன் முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார். "பளபளன்னு கீற பக்கத்துக்குப் பயப்படாதம்மா. எழுதற பக்கந்தான் ஆபத்து. மேல இருக்கிற மெல்லிசுப் பூச்சு போச்சின்னா வெள்ளியும் போயிடும், உள்ள கீறதும் போயிடும். பால்பாயின்ட் பேனா கூடாது. ஒட்டுன ஸ்டிக்கர பிய்க்கவே கூடாது."

சி.டி.யை முந்தானையில் மறைத்து அவரிடம் ஓடினாள். மூன்று மெஷினில் போட்டுப் பார்த்துவிட்டு அவர் உதட்டைப் பிதுக்கினார்.

பொட்டு வைத்துப் பொட்டு வைத்தே புருஷன் குரலை அழித்துவிட்டாள் வேம்புலியம்மாள்! இது தெரிந்தால்... மறுபடி அந்த மூன்று மாதமா? இந்தத் தடவை எழுந்திருப்பாளா?

அந்தப் பயத்தில்தான் மதிவதனி அதைச் செய்தாள். மாமனார் மாலையோடு நிற்கும் படத்தை வட்ட ஸ்டிக்கராக அச்சடித்து, காலி நூல்கண்டை நடுவில் நிறுத்தி, அதில் சி.டி.யைச் செருகி, வெளிச்சம் தெரிந்த இடம் மறையும்படி ஒரு சுருக்கம் விழாமல் ஒட்டினாள். ஓரம் முழுக்க மார்க்கரால் பொடிப்பொடியாக ஒரு வேலைப்பாடு. "இனிமே பொட்டு துணி மேல வைங்க அத்தே, காகிதம் ஊறிடும்" என்றாள். "எம் புருசனுக்குப் பொட்டு வெக்க ஒன்னாண்ட கேக்கணுமா?" என்று கத்திவிட்டு, படத்தைப் பார்த்து வேம்புலியம்மாள் அடங்கிப்போனாள்.

"அண்ணி, வந்துட்டேன்!"

சரணின் குரல்.

படையல் போட்டாயிற்று. அண்ணனூர் ஸ்டேஷன் பக்கம் ரயில் ஒன்று கடந்து போகும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். வேம்புலியம்மாள் தலையை முக்காடிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்தாள். சரண் சி.டி.யை உள்ளே தள்ளினான். அது சுற்றியது... நின்றது... மறுபடி சுற்றியது. 'டிஸ்க் இல்லை' என்று எழுத்து வந்தது.

"இன்னாடா ஆச்சு?" வேம்புலியம்மாள் கண்ணைத் திறந்தாள்.

எடுத்துத் துடைத்துப் போட்டான். இல்லை. இன்னொரு தரம்... இல்லை! சரண் ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்தான். "அண்ணி, இத ஒட்டுனது நீங்கதான?"

கூடம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது.

"அய்யய்யோ!" வேம்புலியம்மாள் வயிற்றில் அடித்துக்கொண்டாள். "சோக்கா கீது சோக்கா கீதுன்னு நானும் ஏமாந்தேனே! ஊரான் ஊட்டு கல்யாணத்துக்கு ஒட்டறாப்புல எம் புருசன் மேல ஒட்டிட்டியேடி! நான் பொட்டு வெச்சிகினு கீற வரிக்கும் அவுரு நல்லாத்தான கீந்தாரு!"

அந்தக் கடைசி வார்த்தை மதிவதனியின் நெஞ்சைக் கிழித்தது. உண்மை தொண்டை வரை வந்தது. மாமியாரின் மெலிந்த கைகளைப் பார்த்தாள். விழுங்கிக்கொண்டாள்.

"வாயத் தொறந்து சொல்லேன்டி!" புருஷன் அருள் கத்தினான். "ஒன் ஸ்டிக்கராலதான் போச்சா?"

"ஆமாங்க..." கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "என்னாலதான். மன்னிச்சிடுங்க அத்தே..."

"ரெண்டாந் தபாவும் அவர சாவடிச்சிட்டியேடி பாவி! எங்கண்ணு முன்னால நிக்காத. ஒங்கம்மா ஊட்டுக்குப் போயிடு!"

பதினோரு வருஷம் வாழ்ந்த வீடு. அருள் ஒரு வார்த்தை தடுத்துச் சொல்வான் என்று பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். சரி, போய்விடலாம். அத்தை உயிரோடு இருந்தால் போதும் என்று அவள் உள்ளே திரும்பினாள்.

"இருங்க, ஸ்டிக்கர பிச்சிட்டா பாடும்" என்று சரண் நகத்தை ஓரத்தில் கொடுத்தான்.

"வேணாம் சரண்! வேணாம்! ஒன் கால்ல உழறேன், பிய்க்காத!" மதிவதனி அலறிக்கொண்டு பாய்ந்தாள். அவ்வளவு பயந்த முகத்தை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

அதற்குள் சர்ரென்று கிழிந்து வந்துவிட்டது. ஸ்டிக்கரின் முதுகில் வெள்ளி முழுக்க ஒட்டிக்கொண்டு வந்தது. சி.டி. வெறும் கண்ணாடியாக நின்றது. நடு ஓட்டையை ஒட்டி மட்டும் வட்டமாக ஒரு பழைய மஞ்சள் கறை. அதற்குள் சிவப்பாக ஒரு புள்ளி.

வேம்புலியம்மாள் கையை நீட்டி அதை வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக மோதிர விரலைக் கொண்டுபோய் அந்தக் கறைமேல் வைத்தாள். அளவெடுத்ததுபோல் பொருந்தியது.



"இது... எம் பொட்டு." வேம்புலியம்மாள் மருமகளைப் பார்த்தாள். "நான் சொரண்டனது. மதி... ஒனக்குத் தெரியுமா?"

மதிவதனி ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"எத்தினி நாளா?"

"நாலு மாசமா அத்தே..."

"ஏன்டி சொல்லல? நான் அந்தப் பேச்சு பேசறேன், வாயத் தொறக்காம நிக்கிறியேடி!"

"நீங்க திரும்பவும் படுத்துட்டா...? பயமா இருந்திச்சி அத்தே... தெனிக்கும் பயந்துகினே இருந்தேன்..."

வேம்புலியம்மாள் தடுமாறி எழுந்து, மருமகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "என்னப் பெத்த தாயே! ஒன்னியப் போயி ஊட்ட உட்டுப் போவச் சொன்னேனே... இந்த நாக்கு அழுவிப் போவ!" இருவரும் சேர்ந்து அழுதார்கள். அருள் முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

சரண் கையிலிருந்த ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்த்தான். "அண்ணி... ஓரத்துல இருக்கிறது பூ இல்லியே. எழுத்து!"

வேம்புலியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. நாலு மாதமாக அதைக் கோலம் என்றே நினைத்திருந்தாள். "இன்னா எழுதிக்கிற?"

மதிவதனி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டிக்கரை வாங்கினாள். வட்டமாக எழுதியிருந்ததால் அதைக் கையில் மெல்லச் சுற்றிச் சுற்றித்தான் படிக்க வேண்டியிருந்தது. மாமனார் பேசிய அதே நிதானத்தில், அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, அவள் படித்தாள்.

"எல்லாரும் என்னியப் பாராட்டறீங்க... இந்தக் கையி மிஷின்ல மாட்டாம முப்பத்தோரு வருசம் ஊடு திரும்புச்சின்னா, அங்க ஒருத்தி வாசல்ல நின்னுகினு இருந்தா. அவ பேரு வேம்பு. அத இது வரிக்கும் நான் அவளாண்ட சொன்னதில்ல."

வாசலில் காக்கை ஒன்று கரைந்தது. சோறு வைக்க யாரும் எழுந்திருக்கவில்லை.

வேம்புலியம்மாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கண்ணை மூடினாள்.

"இன்னொரு தபா சுத்து, மதி."